சிவப்புப் பாறையில் மூன்று கல்

ஒக். 3, வியாழன். ஒஸ்லோ

விடியலில் இருந்தே மழை. ட்ராமில் எல்லோருடைய குடையும் என் காலில்தான் சொட்டியது.

பல் சிகிச்சை நிலையத்தில் இன்று முழுக்கப் பள்ளிப் பிள்ளைகள். நான்காம் வகுப்பு. வேறு வகுப்பே கிடைக்கவில்லையா இவர்களுக்கு. வாயைத் திற என்றால் முதலில் கண்ணை மூடுகிறார்கள். ஒன்பது வயது என்றால் முன்பற்கள் வந்திருக்கும், முகம் இன்னும் அவற்றுக்கு ஏற்ற அளவுக்கு வளர்ந்திருக்காது. வைத்தியருக்குக் கருவி எடுத்துக் கொடுத்துக்கொண்டு ஒவ்வொரு முகத்தையும் தேவைக்கு மேல் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்தால் இவர் வரவேற்பறை முழுக்கச் சாமான் பரப்பி வைத்திருக்கிறார். வெயில் தொப்பி இரண்டு. தண்ணீர்ப் போத்தல்கள். பிளாஸ்டர். பருத்தித்துறை வடை ஒரு பை. அமெரிக்கப் பாலைவனத்துக்குக் கம்பளிக் காலுறை எதற்கு என்று கேட்டேன். மலைக்குக் கம்பளி இல்லாமல் போனால் நோர்வேக்காரன் சிரிப்பான் என்றார். அங்கே எந்த நோர்வேக்காரன்? நாங்கள்தான்.

போன கிழமை வந்த அழைப்பைப் பற்றி இங்கே இன்னும் எழுதவில்லை. எழுதினால் உண்மையாகிவிடும் என்ற பயம்.

வளர்ப்புப் பெற்றோராகப் பதிந்து இரண்டு வருடம். வகுப்புகள் போய், வீட்டை வந்து பார்த்து, எல்லாம் முடிந்து, பிறகு ஒரு சத்தமும் இல்லை. மறந்துபோயிருந்த நேரத்தில் சிறுவர் நல அலுவலகத்தில் இருந்து அழைக்கிறார்கள். பெண்பிள்ளை. நோரா. ஒன்பது வயது. தாய்க்கு நீண்டகால மனநோய், இப்போதைக்குப் பிள்ளையை வைத்துப் பார்க்க முடியாது. திராமன் நகரில் ஒரு தற்காலிக வீட்டில் இருக்கிறாள். வருடக்கணக்கில் இருக்க ஒரு வீடு வேண்டும். 14ஆம் தேதி திங்களுக்குள் பதில்.

நான் கேட்டிருந்தது கைக்குழந்தை.

இவர் தொலைபேசியை வைக்கும் முன்பே ஓம் என்றுவிட்டார். நான் பயணம் முடியட்டும் என்றேன். கடைசி நாள் நடை முடியும்வரை அந்தக் கதையை எடுக்கக் கூடாது என்று ஒப்பந்தம். இவர் தலையாட்டினார். தலையாட்டிவிட்டு நேரே சின்ன அறைக்குப் போய் யன்னல் கொளுவி ஒழுங்காகப் பூட்டுகிறதா என்று பார்த்தார்.

சாந்தா மச்சாள் (இவருடைய அக்கா) இரவுச் சாப்பாட்டு நேரம் தொலைபேசியில் எடுத்தா. இவர் சொல்லியிருக்கிறார், வேறென்ன. "வெள்ளைப் பிள்ளையே? எங்கடை சனம் பிள்ளையளைப் பறிச்சுக் கொண்டுபோயிடுவினம் எண்டு அந்த ஒபிஸுக்குப் பயந்து கிடக்குது. நீங்கள் தேடிப்போய் வாங்குறியள்." நல்ல மனுசிதான். கோபம் ஆறினதும் குழம்பு கொண்டு வருவா.


ஒக். 5, சனி. வானத்தில்

ஆம்ஸ்டர்டாமில் ஏறி எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. யன்னலுக்குக் கீழே கிரீன்லாந்து. வெள்ளை, அதில் நீலக் கீறல்கள். இவர் வாயைத் திறந்துகொண்டு தூக்கம். மேல் வரிசைப் பல்லில் ஒரு நிரப்பல் விழப்போகிறது, வீட்டுக்குப் போனதும் சொல்ல வேண்டும்.

திருமணமாகி இருபதாவது வருடத்துக்கு என்று இவர் ஒரு வருடமாகத் திட்டமிட்ட பயணம். சிவப்புப் பாறைப் படங்களைப் பார்த்துக்கொண்டு பஸ் தரிப்பிடத்தில் இடைவேளை கழிப்பாராம். ஒஸ்லோவில் நவம்பர் மாதம் பஸ் ஓட்டுகிறவருக்கு அந்த நிறத்தில் ஒரு ஆசை வந்தால் குற்றமில்லை.

சிறு கனவு. எங்கள் T-bane ரயில் பாறைகளுக்கு நடுவே ஓடுகிறது. அடுத்த தரிப்பிடம் என்று அறிவிப்பு, பெயர் சொல்லவில்லை. யாரும் இறங்கவும் இல்லை.


ஒக். 6, ஞாயிறு. யூட்டா

வாடகைக் கார். வெறும் புல்வெளி, மஞ்சள் மலை, மறுபடி புல்வெளி. நிறம் மெல்ல மாறும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஒரு வளைவு திரும்பினோம், எல்லாம் சிவப்பு. இவர் காரை ஓரம் கட்டி இறங்கி நின்றார். நானும் இறங்கினேன். காற்றில் ஏதோ கற்பூரம் கலந்த வாசனை, செடியுடையதாம்.

பூங்கா வாசலில் சின்ன ஊர், அதில் விடுதி. வரவேற்பில் இருந்தவர் இந்தியாவா என்று கேட்டார். நோர்வே என்றார் இவர். அவர் எங்கள் முகங்களை இன்னொரு தரம் பார்த்துவிட்டுத் திறப்பைத் தந்தார்.

உதடு வெடிப்பு. மூக்குக்குள் எரிச்சல். நாளைக்கு வசலீன் மறக்கக் கூடாது.


ஒக். 7, திங்கள்

முதல் நடை. ஆற்றோரமாக. மரங்களெல்லாம் மஞ்சளாகி நிற்கின்றன, இலை ஒவ்வொன்றும் தன்பாட்டில் ஆடுகிறது, காற்று இருப்பதாகவே தெரியவில்லை. இரண்டு பக்கமும் பாறைச் சுவர்கள். கீழே நாங்கள். மேலே ஒரு துண்டு வானம், அது மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

சத்தமே இல்லை. நின்று கேட்டால் என் காதுக்குள் இரத்தம் ஓடுவது கேட்கிறது. இருபது வருடமாக உறைவிப்பான் சத்தம், மேல்வீட்டுக்காரரின் தொலைக்காட்சி, ட்ராம். இவையெல்லாம் என்னைக் களைக்க வைத்தவை என்று இன்றுதான் தெரிந்தது.

ஒரு இடத்தில் சுவர்கள் நெருங்கி வந்து ஒரு ஆள் மட்டும் போகக்கூடிய சந்து. இவர் இரண்டு கையையும் விரித்து இரண்டு சுவரையும் தொட்டார். "சின்ன ஆக்களுக்கு இது நல்லாப் பிடிக்கும்" என்றார். உடனே வாயை மூடிக்கொண்டு மேலே பார்த்தார். நான் கேட்காதமாதிரி நடந்தேன்.

மதியம்: பாணுக்குள் நோர்வேப் பழுப்புச் சீஸ், தாளில் சுற்றியது, அப்படியே ஒஸ்லோவில் இருந்து. இவருக்கு அதன்மேல் மிளகாய்ச் சம்பல். ஒரு அண்டங்காகம் பக்கத்தில் வந்து நின்று பார்த்துவிட்டு வேண்டாம் என்று போய்விட்டது.

நிழல் நீண்ட பிறகு திரும்பினோம். எங்கள் இரண்டு பேருடைய நிழலும் முன்னால் போக, நாங்கள் பின்னால். யார் யாரைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்று தெரியாத நடை.


ஒக். 8, செவ்வாய்

கால் நோவு. இவருக்கு இல்லையாம் (படியில் இறங்கும்போது கைபிடியைப் பிடித்தார், கண்டேன்).

மேட்டுப் பாறையில் படுத்திருந்தோம். பாறை சூடு, காற்றுக் குளிர். முதுகு ஒரு நாட்டில், முகம் ஒரு நாட்டில். ஒரு பல்லி வந்து என் சப்பாத்தின் மேல் ஏறித் தண்டால் எடுப்பதுபோல் மேலும் கீழும் அசைந்தது. கண் சொருகிவிட்டது.

கனவில் என் நிலையம். கதிரையில் ஒரு பெண்பிள்ளை, முகம் தெரியவில்லை, வெளிச்சம் அப்படி. வாயைத் திறக்கச் சொல்கிறேன், திறக்கவில்லை. சொல்லச் சொல்ல எனக்கே என் குரல் பிடிக்கவில்லை. எழும்பியபோது வானம் அவ்வளவு நீலம்.

இங்கே எழுதலாம், யார் பார்க்கப் போகிறார்கள். எனக்குப் பயம். அவளுக்கு என்னைப் பிடிக்காமல் போகும் என்பது இல்லை, அதைத் தாங்குவேன். பிடித்துப்போய், எனக்கும் பிடித்துப்போய், தாய்க்குச் சுகம் வந்து ஒருநாள் திரும்பிப் போய்விடுவாள். அப்போது நான் யார்? கைக்குழந்தை என்றாலும் போகலாம்தான், சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனாலும் கைக்குழந்தை என்றால் கொஞ்ச நாளாவது என்னைத்தான் முதலில் பார்த்தேன் என்று நினைக்குமே. அசட்டுத்தனம். ஆனாலும் அதுதான்.

இவரிடம் சொல்லவில்லை. ஒப்பந்தம் போட்டதே நான். இப்போது நானே மாட்டிக்கொண்டேன்.


ஒக். 9, புதன். இரவு, விடுதி

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

கடைசிப் பெரிய நடை. மொட்டைப் பாறை மேல் போவது, மண் இல்லை, அதனால் பாதையே இல்லை. வழி தெரிவது இடையிடையே அடுக்கி வைத்த கற்குவியல்களால் மட்டும். ஒன்றில் நின்றால் அடுத்தது தெரியும். நோர்வே மலையிலும் இப்படித்தான், அங்கே வார்டே என்பார்கள். போகிற ஒவ்வொருவரும் அதில் ஒரு கல் வைத்துவிட்டுப் போவது அங்கே வழக்கம். இருபது வருடமாக இவர் ஒன்றையும் தவறவிட்டதில்லை. இங்கேயும் ஒவ்வொரு குவியலிலும் குனிந்து குனிந்து கல் வைத்துக்கொண்டு வந்தார். தொடக்கத்தில் ஒரு பெரிய அறிவிப்புப் பலகை இருந்தது. நீளமான எழுத்து. படிக்கவில்லை.

இவர் படம் எடுக்க நின்றார். நான் கொஞ்சம் முன்னால். மேலே ஒரு திருப்பத்தில் பாறை இரண்டாகப் பிரிகிறது, இடப்பக்கம் ஏற்றம், வலப்பக்கம் சரிவு. அந்த இடத்தில் என்னை யாரோ உட்காரச் சொன்னதுபோல் இருந்தது. வெயில் பாலாக இறங்கியிருந்தது. சுற்றிவர மனிதர் இல்லை. மூன்று கல் எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தேன், வலப்பக்கம், சும்மா கிடந்த இடத்தில். மேலே இருந்தது உருண்டைக் கல், கொஞ்சம் வயிறு. பிள்ளையார்தான். பக்கத்துச் செடியில் இருந்து மஞ்சள் பூ ஒரு கிள்ளு.

பிறகு கேட்டேன். கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பதுபோல. நாங்கள் திரும்பி வரும்போது யாராவது இதில் ஒரு கல் வைத்திருந்தால் ஓம். அப்படியே இருந்தால் இல்லை. அம்மா கூட இதை ஏற்கமாட்டா, வெள்ளைப் பூ சிவப்புப் பூ இல்லாமல் அதென்ன கேள்வி என்பா.

இடப்பக்கம் ஏறிப்போய்ப் பார்வை மேட்டில் இருந்தேன். கீழே ஆறு, பச்சை நூலாக. எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேனோ. மேகத்தின் நிழல்கள் பள்ளத்தாக்கில் மெதுவாக ஊர்ந்து ஏறி மறுபக்கம் இறங்கின. அவற்றை எண்ணாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நேரத்தில் குளிர்ந்தது. அப்போதுதான் இவர் இன்னும் வரவில்லை என்று உறைத்தது.

திரும்பி ஓடினேன். திருப்பத்தில் என் மூன்று கல் இப்போது ஆறு.

முதலில் நெஞ்சு துள்ளியது. எழுத வெட்கம், ஆனாலும் எழுதுகிறேன். புருஷனைக் காணவில்லை, நான் பதில் கிடைத்துவிட்டது என்று நின்றேன். அதன்பிறகுதான் பார்வை அந்தக் குவியலைத் தாண்டி வலப்பக்கச் சரிவில் போனது. கல் வைத்த இடம்தான் வழி. அதைத்தானே காலையிலிருந்து நம்பி நடந்தோம். நான் வைத்தது வழி இல்லாத இடத்தில்.

"இஞ்சேருங்கோ" என்று கூப்பிட்டேன். பாறை எல்லாப் பக்கமும் திருப்பிச் சொன்னது. இஞ்சேருங்கோ, இஞ்சேருங்கோ. யாரை என்று பாறைக்கு எப்படித் தெரியும். இருபது வருடத்தில் நான் இவரைப் பெயர் சொன்னது வங்கியிலும் விமான நிலையத்திலும்தான். சுற்றிப் பார்த்தேன், ஒருவரும் இல்லை, ஆனாலும் கூச்சம். பிறகு அடிவயிற்றில் இருந்து ரவீந்திரன் என்று கத்தினேன். தொண்டை கிழியும் வரை.

கேட்டு வந்தது பூங்காக் காவலர். இளம் பெண், அகலத் தொப்பி. கேள்வி கேட்காமல் தண்ணீர் குடிக்கச் சொன்னாள், பிறகு என்னோடு சரிவில் இறங்கினாள். கீழே வெட்டுண்டு போகும் ஒரு பள்ளம், அதன் நிழலில் இவர். பக்கத்தில் ஒரு வயதான அமெரிக்கத் தம்பதி. மூன்று பேருமாகப் பருத்தித்துறை வடை கடித்துக்கொண்டிருக்கிறார்கள். வழி முடிந்துவிட்டது, ஏற முடியவில்லை, அந்த அம்மாவுக்குக் கால் பிரண்டுவிட்டது, அதனால் விட்டுவிட்டு வர மனமில்லை என்றார். என் சத்தம் கேட்டதா என்று கேட்டேன். "கேட்டது. ரவீந்திரன் எண்டு கூப்பிட்டதாலை பொலிஸ் எண்டு நினைச்சன்."

அழுதேன். சிரித்தேனா, தெரியவில்லை.

அந்த அம்மாவைத் தாங்கிக்கொண்டு மெல்ல மேலே வந்தோம். காவலர் குவியலைப் பார்த்து நின்றாள். இது எங்கள் குறி இல்லையே, யார் வைத்தது என்றாள். நான் பள்ளிக்கூடத்தில் போலக் கை உயர்த்தினேன். கோபிக்கவில்லை. இங்கே ஒரு கல் கூட வைக்கக் கூடாது, ஒருவர் வைத்தால் அடுத்தவர் நம்புவார், தயவுசெய்து கலைத்துவிடு என்றாள். காலால் தட்டிவிடலாம், எல்லோரும் அப்படித்தான் செய்வார்களாம். நான் எப்படிப் பிள்ளையாரைக் காலால் தட்டுவது? குனிந்து ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, கிடந்த கற்களோடு வைத்தேன். இவருக்கு விளங்கிவிட்டது. போத்தலில் மீதமிருந்த தண்ணீரை என் மூன்று கல்லிலும் ஊற்றினார், பூசை முடிந்து மஞ்சள் பிள்ளையாரைக் கரைப்பதுபோல. கல் கரையவில்லை, இருண்ட சிவப்பாகி உடனே காய்ந்தது. காவலர் தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏன் என்று அவளுக்கும் தெரிந்திருக்காது.

பிறகு விடுதி முற்றத்தில் இரண்டு பிளாஸ்டிக் கதிரை. சூரியன் இறங்கியும் பாறைகள் ஒளியை விடாமல் பிடித்து வைத்திருந்தன. இவர்தான் கேட்டார்.

"என்ன கேட்டனீர் பிள்ளையாரிட்டை?"

சொன்னேன். முழுவதும். ஆறு கல்லாக நின்றதையும், என் நெஞ்சு துள்ளியதையும்.

கேட்டுவிட்டு வெறும் போத்தலின் மூடியைத் திருகினார். பிறகு: "அதிலை ஒண்டு நான் வைச்சது. மற்றதுகளை அவை ரண்டு பேரும் என்னைப் பார்த்து வைச்சவை."

அப்படியென்றால் அது பதிலே இல்லை. இவர் வைத்தது கணக்கில் வராது. இவரைப் பார்த்து வைத்தவர்களுடையதும் வராது. சிரிப்பு வந்தது, அதன் பின்னால் அழுகை. பயத்தைச் சொல்லிவிட்டேன், நேற்று இங்கே எழுதியதைப் போலவே, எழுதியதைவிட மோசமாக. "அவளுக்கு ஒரு அம்மா இருக்கிறா. சுகம் வந்தால் போயிடுவாள். நான் பிறகு என்ன செய்யிறது?"

தனக்கும் பயம்தான் என்றார். தொ.பே. வைத்த அன்றிலிருந்து. நான் வேண்டாம் என்று சொல்லிவிடுவேனோ என்று ஒரு பயம், ஓம் என்றுவிடுவேனோ என்று இன்னொரு பயம். இரண்டும் எப்படி ஒரே ஆளுக்கு வரும் என்று கேட்டால், வருகிறதே என்றார். காற்று நின்றிருந்தது. பக்கத்து அறைப் பெண்மணி உடுப்புக் காயப்போட்டுவிட்டு உள்ளே போனா.

"போற பிள்ளை எண்டால் போகட்டும். போகுமட்டும் எங்கையாவது இருக்கத்தானே வேணும்."

நான் ஓம் என்று சொல்லவில்லை. கதிரையை இவர் பக்கம் இழுத்துப் போட்டேன், அவ்வளவுதான்.


ஒக். 10, வியாழன்

குரல் போய்விட்டது. இவருக்குச் சந்தோஷமாம்.

நடை இல்லை. ஆற்றுக்குள் கால் விட்டபடி முழு முற்பகல். மஞ்சள் இலைகள் மிதந்து வந்து காலில் தட்டி, கொஞ்சம் யோசித்து, சுற்றிக்கொண்டு போகின்றன. ஆற்றோரத்திலும் அதே அறிவிப்புப் பலகை, இன்று முழுதாகப் படித்தேன். கல் வைக்காதே. கறுப்பு மண் மேல் மிதிக்காதே, அது உயிருள்ளது, திரும்ப வளர ஒரு மனித ஆயுள் ஆகும். எத்தனை தரம் மிதித்தோமோ.

அந்தத் தம்பதி வழியனுப்ப வந்தார்கள். அம்மாவின் காலில் கட்டு. வடையின் செய்முறை கேட்டா. நான் சைகையால் விளங்கப்படுத்தியதில் இவர் தரையில் உட்கார்ந்து சிரித்தார்.

என் மனம் எங்கே நிற்கிறது என்று தேடிப் பார்த்தேன். நிற்கவில்லை, மிதக்கிறது. ஆனால் ஒரு பக்கமாக.


ஒக். 12, சனி. ஒஸ்லோ

மழை. வந்து இறங்கியபோது அதே மழைதான் நின்றுவிடாமல் காத்திருந்தது போல. சப்பாத்தைக் கவிழ்த்தால் சிவப்பு மண். குசினித் தரையில் ஒரு சின்னக் குவியல். கூட்டவில்லை.

சாந்தா மச்சாள் குழம்போடு வந்தா (சொன்னேனே). முடிவென்ன என்று கேட்கவில்லை. போகும்போது சின்ன அறையை எட்டிப் பார்த்தா. "இந்தத் திரைச்சீலை பிள்ளையின்ரை அறைக்குச் சரிவராது, நான் தைச்சுத் தாறன்" என்றா. யாரும் இவ்வளவு கோபமாகத் திரைச்சீலை தைத்துத் தருகிறேன் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

உடுப்புத் துவைப்பு மூன்று தரம். நித்திரை எந்த நாட்டு நேரத்தில் என்று உடம்புக்கே தெரியவில்லை.


ஒக். 14, திங்கள்

வானம் வெளுத்திருக்கிறது. இவருக்கு விடிய வேலை, பஸ் ஓட்டும் நேரம் தொ.பே. எடுக்கமாட்டார். நேற்று இரவு கேட்டார், இரண்டு பேருமாகச் சேர்ந்து எடுப்போமா என்று. நானே எடுக்கிறேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று யோசிக்கவில்லை.

முதல் பிள்ளை வருமுன் நிலையத்துக் கருவி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். எண்ணை அழுத்தினேன். சிறுவர் நல அலுவலகத்துப் பெண் எடுத்தார். குரல் இன்னும் முழுதாக வரவில்லை. ஓம் என்றுதான் வந்தது, தமிழில். பிறகு அவருடைய மொழியிலும் சொன்னேன்.

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம். எழுதுகிறார் என்று நினைத்தேன். பிறகு, ஒன்று சொல்ல வேண்டும் என்றார். நோரா போன வெள்ளியே தன் உடுப்பு, புத்தகம் எல்லாவற்றையும் பையில் அடுக்கி வாசலில் வைத்துவிட்டாளாம். அவளிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, திராமன் வீட்டில் தொலைபேசிப் பேச்சு காதில் விழுந்திருக்கிறது. நம்பிக்கொண்டு இருக்காதே, அவர்கள் இன்னும் யோசிக்கிறார்கள் என்று அந்த வீட்டு அம்மா சொல்லியிருக்கிறார். நம்பவில்லை, சும்மா அடுக்கி வைத்தேன் என்றாளாம்.

நாங்கள் அந்த வெள்ளி விமானத்தில். நான் இலையைப்போல் மிதக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு.

நாளை மாலை திராமன். முதல் சந்திப்பு மட்டும்தான். அறிமுகம், பிறகு இன்னொரு நாள், பிறகு ஒரு இரவு, அப்படித்தான் ஒழுங்கு. நாளைக்கு அந்தப் பை வரமுடியாது. அதை அவளுக்கு எப்படிச் சொல்வது என்று தனக்குத் தெரியவில்லை என்றார் அந்தப் பெண்.

நான் சொல்கிறேன் என்றேன்.